சி.ஐ.சி.க்கு எந்தக் குழாயை வாங்குவது, எப்படிப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவது?

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்ட உங்கள் தம்பிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, கைகள் நன்றாக வேலை செய்கின்றன, மூன்று மாதமாக ஃபோலி குழாயும் (பலூனால் உள்ளேயே தங்கி நிற்பது) யூரின் பேக்குமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது அதை எடுத்துவிட்டு, நாளுக்கு ஐந்தாறு முறை அவரே குழாய் விட்டுச் சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடும் சி.ஐ.சி. (கிளீன் இன்டர்மிட்டன்ட் கதீட்டரைசேஷன், சுத்தமான முறையில் இடைவிட்டு வடித்தல்) முறைக்கு மாறச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் நான்கு வகைக் குழாய்களைக் காட்டினார்கள், விலை மலைக்கும் மடுவுக்குமாக இருக்கிறது, எதை வாங்குவது, ஒரே குழாயைக் கழுவித் திரும்பப் பயன்படுத்தலாமா, தினமும் இத்தனை முறை குழாய் விட்டால் தொற்று வராதா என்பவை உங்கள் கேள்விகள். முதுகுத்தண்டுவடக் காயம் பட்டவர்களுக்கான மறுவாழ்வுப் பிரிவில் செவிலியராக வேலை பார்ப்பவள் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் தம்பியைப் பரிசோதித்த மருத்துவர் இதற்கு மாறாக எதையாவது சொல்லியிருந்தால் அவர் சொல்வதையே பின்பற்றுங்கள்.

மூன்று கேள்விகளும் குழாயைப் பற்றியவை. ஆனால் உங்கள் தம்பியின் சிறுநீரகங்களைக் காப்பாற்றப் போவது குழாயின் வகையல்ல, கடிகாரம். இந்த முறை பிறந்த கதையே அதைத்தான் காட்டுகிறது. இங்கிலாந்தின் ஸ்டோக் மான்டெவில் மருத்துவமனையில் 1944 முதல் தண்டுவடக் காயத்துக்கான பிரிவை நடத்திய லுட்விக் குட்மன், நிரந்தரமாகக் குழாயை வைப்பதைவிட இடைவிட்டு வடிப்பதே நல்லது என்று காட்டினார். ஆனால் அவருடைய முறையில், அறுவைச் சிகிச்சைக்குரிய முழுக் கிருமிநீக்கத்தோடு, பயிற்சி பெற்றவர்கள்தான் அதைச் செய்ய வேண்டியிருந்தது. நோயாளி வீட்டுக்குப் போய்த் தானே செய்துகொள்ளும் வேலையாக அது இல்லை. 1972-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜாக் லாபிடஸ் அந்த எண்ணத்தைத் தலைகீழாக்கினார். சிறுநீர்ப்பை அளவுக்கு மீறி நிரம்பி விரியும்போது அதன் சுவருக்கு ரத்த ஓட்டம் குறைகிறது, அதனால் கிருமியை எதிர்க்கும் சக்தியும் குறைகிறது, ஆகவே சோப்பால் கழுவிய கையும் சுத்தமான குழாயுமே போதும், நேரம் தவறாமல் வடிப்பதுதான் முக்கியம் என்பது அவர் வாதம். அன்று பலர் ஏற்கத் தயங்கிய இந்த வாதத்தின் மேல்தான் இன்றைய சி.ஐ.சி. நிற்கிறது, அந்தப் பெயரின் முதல் எழுத்துக்கு உரிய சொல்லே 'சுத்தமான' என்பதுதான், 'கிருமியற்ற' என்பதல்ல.

ஆகவே முதலில் வாங்க வேண்டியது ஒரு நோட்டும், மில்லிலிட்டர் கோடு போட்ட ஓர் அளவுக் குடுவையும். பெரியவர்களுக்கு ஒரு தடவை வடிக்கும் அளவு 400 மில்லிலிட்டருக்குள் இருப்பது நல்லது, 500-ஐத் தாண்டவே கூடாது. நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் தண்ணீர் குடிப்பவருக்கு இது பெரும்பாலும் நான்கு முதல் ஆறு முறை வடிப்பதில் கொண்டுபோய் விடும். முதல் இரண்டு வாரம் ஒவ்வொரு தடவையும் நேரம், குடித்த அளவு, வடிந்த அளவு, இடையில் கசிந்ததா இல்லையா என்ற நான்கையும் எழுதி வையுங்கள். காலையில் 650 மில்லிலிட்டர் வருகிறதென்றால் படுக்கப் போகும்முன் ஒரு தடவை கூடுதலாக வடிக்க வேண்டும், அல்லது மாலைக்குப் பிறகு குடிக்கும் தண்ணீரைக் குறைக்க வேண்டும் என்பது நோட்டைப் பார்த்தாலே புரியும். பகலெல்லாம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்குக் காலில் நீர் தங்கும். இரவில் படுத்ததும் அந்த நீர் ரத்தத்துக்குத் திரும்பிச் சிறுநீராக இறங்கும். தம்பி எதுவும் குடிக்காமலேயே விடிகாலையில் படுக்கை நனைகிறதே என்று வியக்காதீர்கள். மாலையில் ஒரு மணி நேரம் கால்களை உயர்த்திப் படுத்திருந்துவிட்டு, அதன்பின் வடித்துவிட்டுத் தூங்கினால் பெருமளவு சரியாகும்.

ஃபோலியை அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். பார்த்துக்கொள்பவர்களுக்கு அது எளிதுதான். ஆனால் உள்ளேயே தங்கும் குழாயின் மேல் கிருமிகள் படலமாகப் படியும், ஒரு மாதத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் சிறுநீரில் கிருமி வந்துவிடும். ஆண்டுக்கணக்கில் போனால் சிறுநீர்ப்பையில் கல், குழாய் அழுத்துமிடத்தில் புண், ஆண்களுக்கு விதைப்பைத் தொற்று என்று ஒவ்வொன்றாக வரும். உங்கள் தம்பி இளைஞர். அவருடைய தாம்பத்திய வாழ்க்கைக்கும் குழந்தைப்பேற்றுக்கும்கூடக் குழாய் இல்லாத உடல்தான் நல்லது. இதை வீட்டில் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை என்பதால் நானே எழுதிவிடுகிறேன். கைவிரல்கள் வேலை செய்யாத, உதவிக்கும் ஆள் இல்லாத ஒருவருக்கு அடிவயிற்றின் வழியாக வைக்கும் நிரந்தரக் குழாய் நல்ல தேர்வாக இருக்கலாம், ஆனால் உங்கள் தம்பிக்கு அந்த நிலை இல்லை.

இனி குழாய். கடைக்காரரிடம் 'யூரின் டியூப்' என்று மட்டும் கேட்டால் பலூன் வைத்த ஃபோலியைத்தான் எடுத்துத் தருவார். பலூன் இல்லாத நெலட்டான் கதீட்டர் வேண்டும், ஆண்களுக்கான நீளம் வேண்டும் என்று கேளுங்கள். ஆண்களுக்கானது ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பெண்களுக்கான குட்டைக் குழாயை ஆணுக்குப் பயன்படுத்தினால் சிறுநீர்ப்பையை எட்டாது. சளி உறிஞ்சும் குழாயும் பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட இதே போல இருக்கும். ஒரு முறை ஒருவர் பெட்டி நிறைய அதை வாங்கி வந்திருந்தார். உறையின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

குழாயின் தடிமனை ஃபிரெஞ்சு அளவில் குறிப்பார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்த கணக்கு அது: எண்ணை மூன்றால் வகுத்தால் வெளிவிட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும், 12 என்றால் 4 மில்லிமீட்டர். குழாயின் அகன்ற முனையில் இருக்கும் நிறமே அளவைச் சொல்லிவிடும்: 10 கறுப்பு, 12 வெள்ளை, 14 பச்சை, 16 ஆரஞ்சு. வளர்ந்த ஆண்களுக்கு 12 அல்லது 14 பொருந்தும். சிறியதே மெல்லியது, வலிக்காது என்று நினைத்து 8-ஐ வாங்கினால் அது வழியிலேயே மடங்கிக்கொள்ளும், வடிய வெகுநேரமாகும், பொறுமையிழந்து பாதியில் எடுத்துவிடத் தோன்றும். பெரியது சீக்கிரம் வடிக்கும் என்று 18-க்குப் போனால் சிறுநீர்வழியின் உட்சுவர் உரசும். 12-இல் தொடங்கி, சிறுநீரில் மண்டி அதிகமிருந்து அடைத்துக்கொண்டால் 14-க்குப் போகலாம்.

நீங்கள் பார்த்த நான்கு வகைகள் அநேகமாக இவையாக இருக்கும். பூச்சில்லாத பி.வி.சி. குழாய்தான் மிக மலிவானது, கூடவே ஜெல்லி வாங்கித் தடவிக்கொள்ள வேண்டும். சிவப்பு ரப்பர் குழாய் பழைய காலத்தது. அது லாடெக்ஸ் என்பதால் ஒவ்வாமை வரக்கூடும், பிறவியிலேயே தண்டுவடக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அதைத் தொடவே கூடாது. மூன்றாவது, நீர் பட்டால் வழுக்கும் பூச்சுப் பூசிய குழாய். உறையிலேயே நீர் இருக்கும், அல்லது நீர் ஊற்றி அரை நிமிடம் விட வேண்டும். நான்காவது, குழாயும் ஜெல்லியும் பையும் சேர்ந்தே வருவது; குழாயைக் கையால் தொடாமலே செலுத்தலாம், கழிப்பறை கிடைக்காத இடத்திலும் சிறுநீர் பையிலேயே இறங்கும். வழுக்கும் பூச்சுள்ள குழாய் உரசல் குறைந்தது, பத்திருபது ஆண்டுகள் இதைச் செய்யப்போகும் இளைஞரின் சிறுநீர்வழிக்கு அது இதமானது. பணம் பொருட்டில்லை என்றால் அதையே வாங்கச் சொல்வேன். ஆனால் நாளுக்கு ஆறு என்றால் மாதத்துக்கு 180 குழாய்கள். விலையுயர்ந்ததை வாங்கிவிட்டு, தீர்ந்துவிடுமே என்று ஆறை மூன்றாகக் குறைத்துக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்வதைவிட மலிவான பி.வி.சி. குழாயால் ஆறு முறையும் வடிப்பது எவ்வளவோ மேல். வீட்டுக்குச் சாதாரணக் குழாய், பயணத்துக்கும் வெளிவேலைக்கும் பையோடு வருவது என்று கலந்து வாங்குவது பல குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகிறது. பெட்டியாக வாங்கும்முன் ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று வாங்கித் தம்பியின் கையில் கொடுத்துப் பாருங்கள். உறையைக் கிழிக்க முடிகிறதா, வழுக்கும் குழாயைப் பிடிக்க வருகிறதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

முனையிலும் வகையுண்டு. நேரான, மழுங்கிய முனையே பெரும்பாலானவர்களுக்குப் போதும். புராஸ்டேட் பெருத்தவர்களுக்கு முனை சற்று வளைந்த டீமன் குழாய் தேவைப்படலாம். அதன் வளைவு மேல்நோக்கியே போக வேண்டும் என்பதால் பயிற்சியில்லாமல் வீட்டில் முயல வேண்டாம். எந்தக் குழாயானாலும் பக்கத் துளைகளின் விளிம்பை விரலால் ஒரு முறை தடவிப் பாருங்கள். வெட்டிய விளிம்பு நகத்தில் சொரசொரவென்று பட்டால் அந்த வகையை வாங்காதீர்கள், ஒவ்வொரு தடவையும் அது உள்ளே கீறும்.

ஜெல்லி என்றால் நீரில் கரையும் ஜெல்லி மட்டுமே. தேங்காய் எண்ணெய், வாசலின் இரண்டும் வேண்டாம். அவை நீரில் கரையாமல் உள்ளேயே தங்கும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகைன் ஜெல்லி உணர்வுள்ளவர்களுக்கு முதல் சில நாள் உதவும், உணர்வே இல்லாத உங்கள் தம்பிக்கு அது வீண்செலவு. வலி தெரியாதவர் என்பதாலேயே அவர் இன்னும் மென்மையாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் கீறினாலும் உடம்பு எச்சரிக்காது.

செய்யும் விதத்தை மருத்துவமனையில் செவிலியர் முன்னிலையில் குறைந்தது ஐந்தாறு முறை செய்து பழகாமல் வீட்டுக்குப் போகாதீர்கள். இங்கே எழுதுவது நினைவூட்டல்தான். கைகளைச் சோப்புப் போட்டு, நகக்கண் வரை கழுவ வேண்டும். முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி ஆணுறுப்பின் நுனியைத் தண்ணீரால் சுத்தம் செய்ய வேண்டும். டெட்டால் கலந்த நீர் தேவையில்லை, அது எரிச்சலைத்தான் தரும். குழாயின் முதல் பதினைந்து சென்டிமீட்டருக்கு ஜெல்லி தடவிவிட்டு, உறுப்பை வயிற்றை நோக்கி உயர்த்தி லேசாக இழுத்துப் பிடித்தால் உள்ளேயிருக்கும் வளைவு நேராகும். அப்போது குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்த வேண்டும். ஏறத்தாழ முக்கால் வழியில் ஒரு தடை தட்டுப்படும். அங்கேதான் சுருக்குத்தசை இறுகிப் பிடிக்கிறது. அந்த இடத்தில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள், அவசரப்பட்டு அழுத்திவிடுகிறார்கள். அழுத்தினால் குழாய் சுவரைக் குத்திக்கொண்டு பொய்வழி ஒன்றை உண்டாக்கும், அதன்பின் ஒவ்வொரு தடவையும் அந்தப் பொய்வழிக்குள்ளேயே போய் முட்டும். குழாயை எடுக்காமல் அப்படியே நிறுத்தி, நிதானமாக மூச்சை இழுத்து விடச் சொல்லுங்கள், ஒரு முறை இருமச் சொல்லுங்கள். அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் தசை தானாக இளகும். குழாய் திடீரென்று வழிவிட்டதுபோல நழுவி உள்ளே போவது விரலுக்கே தெரியும்.

சிறுநீர் வரத் தொடங்கியதும் இன்னும் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே விட வேண்டும். ஓட்டம் நின்றதும் உடனே உருவிவிடாமல், ஒரு சென்டிமீட்டர் இழுத்து நிறுத்த வேண்டும். பெரும்பாலும் மறுபடி கொஞ்சம் வரும். அதுவும் நின்றபின் இன்னும் கொஞ்சம் இழுக்க வேண்டும். அடியில் தங்கிவிடும் அந்த முப்பது நாற்பது மில்லிலிட்டரில்தான் கிருமி வளர்கிறது. கடைசியில் குழாயை மடித்துப் பிடித்து வெளியே எடுத்தால் அதற்குள் நிற்கும் சிறுநீர் திரும்ப உள்ளே போகாது. முன்தோலைப் பழையபடி முன்னால் இழுத்துவிட மறக்கவே கூடாது. உணர்வில்லாதவருக்கு அது பின்னாலேயே நின்று வீங்கி இறுகினாலும் தெரியாது, பிறகு அவசரச் சிகிச்சை வரை போகும்.

இதைப் படிக்கும் பெண்களுக்கும் குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒரு சொல். பெண்களின் சிறுநீர்வழி ஏறத்தாழ 4 சென்டிமீட்டர்தான் என்பதால் செலுத்துவது எளிது, துளையைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். தொடைகளுக்கிடையில் ஒரு கண்ணாடியை வைத்துப் பழகினால் சில வாரங்களில் விரல் தடவியே இடத்தை அறிந்துவிடலாம். முன்னிருந்து பின்னாகவே துடைக்க வேண்டும். குழாய் தவறிப் பிறப்புறுப்புக்குள் போய்விட்டால் அதை அங்கேயே அடையாளமாக விட்டுவிட்டு, அதற்கு மேலே வேறொரு புதுக் குழாயைச் செலுத்துங்கள். குழந்தைகளின் சிறுநீர்ப்பை எவ்வளவு கொள்ளும் என்பதற்கு வயதோடு ஒன்றைக் கூட்டி முப்பதால் பெருக்குவது நடைமுறைக் கணக்கு. ஐந்து வயதுக் குழந்தைக்கு 180 மில்லிலிட்டர்.

திரும்பப் பயன்படுத்துவதைப் பற்றிக் கேட்டீர்கள். உறையின் மேல் வட்டத்துக்குள் 2 என்ற எண்ணைக் குறுக்கே கோடிட்டு அடித்திருப்பார்கள், ஒரு முறைக்கு மேல் வேண்டாம் என்பது அதன் பொருள். தயாரிப்பாளர் அப்படித்தான் சொல்கிறார், முடிந்தவர்கள் அப்படியே செய்யலாம். ஆனால் அமெரிக்காவின் அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் திட்டமே 2008 வரை மாதத்துக்கு நான்கு குழாய்களுக்குத்தான் பணம் கொடுத்தது, அதன்பிறகுதான் 200 வரை என்று உயர்த்தியது. அதுவரை அங்கேயும் கழுவித்தான் பயன்படுத்தினார்கள். கழுவிய குழாயால் தொற்று கூடுகிறதா என்று ஆராய்ந்தவர்களால் இன்றுவரை அடித்துச் சொல்ல முடியவில்லை. வசதியில்லாத வீட்டில் நான் சொல்வது, ஒரு நாளுக்கு ஒரு புதுக் குழாய், அன்றிரவே குப்பையில். பூச்சில்லாத பி.வி.சி. குழாயை மட்டுமே இப்படிப் பயன்படுத்தலாம். பூச்சுள்ள குழாய் காய்ந்துவிட்டால் வழுக்கல் போய் உள்ளே ஒட்டிக்கொள்ளும், எடுக்கும்போது தோலை உரிக்கும்.

வடித்த கையோடு, காய்வதற்குள், சோப்பு நீரால் வெளியே கழுவி, ஊசி கழற்றிய சிரிஞ்சால் உள்ளேயும் சோப்பு நீரைச் செலுத்தி, பிறகு குடிநீரால் இரண்டு மூன்று முறை அலச வேண்டும். நன்றாக உதறி, சுத்தமான துணியில் சுற்றாமல் தொங்கவிட்டுக் காய வைக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு மூடுவது கிருமிக்குப் பாய் விரிப்பதுபோல. ஒருவர் எவர்சில்வர் டப்பாவில் கிருமிநாசினி கலந்த நீரை வைத்து, ஒரு வாரமாக அதே நீரில் குழாயை ஊறவைத்திருந்தார். டப்பாவைத் திறந்ததும் மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது. நீர்த்துப்போன கிருமிநாசினியிலேயே செழித்து வளரும் கிருமிகள் உண்டு. பி.வி.சி.யைக் கொதிக்க வைத்தால் அது குழைந்து வடிவம் மாறிவிடும். குழாய் விறைத்தாலோ, மங்கினாலோ, உள்ளே மண்டி ஒட்டியிருந்தாலோ நாள் கணக்குப் பார்க்காமல் எறிந்துவிடுங்கள். ஒருவர் குழாய் இன்னொருவருக்கு எக்காரணத்தாலும் கூடாது. அடிக்கடி காய்ச்சலோடு தொற்று வருபவர்கள், சிறுநீர் பின்னோக்கிச் சிறுநீரகத்துக்கு ஏறுபவர்கள், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் திரும்பப் பயன்படுத்தவே வேண்டாம்.

தொற்று வராதா என்றால், சிறுநீரில் கிருமி இருக்கும். பரிசோதித்தால் பெரும்பாலும் 'பாசிட்டிவ்' என்றே வரும். அது நோயல்ல. காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாவில் வலி, திடீரென்று கூடிய கசிவு, கால்களில் வழக்கத்தைவிட அதிகமான இறுக்கம், இவற்றில் ஏதாவது வந்தால்தான், பெரும்பாலும் கலங்கிய சிறுநீரோடு, அது மருந்து கேட்கும் தொற்று. வாடை அடிக்கிறது என்பதற்காக மட்டும் மருந்துக்கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுக்காதீர்கள். நாலு தடவை அப்படிக் கொடுத்தால் ஐந்தாவது தடவை உண்மையான தொற்றுக்கு எந்த மாத்திரையும் கேட்காது. வாடைக்கு முதல் மருந்து தண்ணீர், இரண்டாவது நோட்டைப் பார்ப்பது; ஏதோ ஒரு வேளை தவறியிருக்கும்.

எந்தக் கடையிலும் யாரும் சொல்லாத ஒன்று, இடையில் கசிவதைப் பற்றியது. சரியான நேரத்தில் வடித்தும் துணி நனைகிறதென்றால் அது வெறும் அசௌகரியமல்ல, சிறுநீர்ப்பைக்குள் அழுத்தம் ஏறுகிறது என்பதன் அடையாளமாக இருக்கலாம். அந்த அழுத்தம் 40 சென்டிமீட்டர் நீரளவைத் தாண்டித் தொடர்ந்து நின்றால் சிறுநீரகத்தை மெல்ல மெல்லக் கெடுக்கும், எந்த வலியும் இராது. யூரோடைனமிக் பரிசோதனை அதை அளந்து சொல்லும். சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் ஆக்ஸிபியூட்டினின், சாலிஃபெனாசின் போன்ற மாத்திரைகளோ, அவை போதாதபோது சிறுநீர்ப்பையில் போடும் போட்டாக்ஸ் ஊசியோ அதைக் குறைக்கும். அடிவயிற்றைக் கையால் அமுக்கிச் சிறுநீரை வெளியேற்றும் பழைய பழக்கத்தை யாராவது கற்றுக்கொடுத்தால் கேட்காதீர்கள், அது அழுத்தத்தை இன்னும் ஏற்றும். ஆண்டுக்கொரு முறை சிறுநீரக ஸ்கேன் எடுத்துவிடுங்கள். சிறுநீரகம் வடிகட்டும் கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் சரியாக இருக்கிறது என்பதை மட்டும் நம்ப வேண்டாம், தசை வற்றியவர்களுக்கு அது உண்மையைவிடக் குறைவாகவே காட்டும்.

வெளியூர்ப் பயணந்தான் பெரும்பாலானவர்களைக் கவிழ்க்கிறது. ஓர் இளைஞர், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் பேருந்தில் போகும்போது வழியில் வடிக்க இடமிருக்காது என்று காலையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை, மண்டபத்தில் சாப்பாட்டோடு ஒரேயடியாகக் குடித்துவிட்டு இரவு வீடு திரும்பித்தான் வடித்தார். 1,100 மில்லிலிட்டர் வந்தது. இரண்டாம் நாள் குளிர்காய்ச்சலோடு எங்கள் பிரிவில் சேர்ந்தார். பையோடு வரும் குழாய் இரண்டு, ஈரத் துடைப்பான், வாய் அகன்ற ஒரு காலி பாட்டில், மேலே போர்த்த ஒரு துண்டு இருந்தால் காரின் பின்சீட்டிலேயே பத்து நிமிடத்தில் வேலை முடியும். முதல் மாதத்திலேயே அப்படி ஒரு தடவை செய்துபார்த்துவிட்டால் தம்பிக்குக் கூச்சம் போய்விடும்.

தொடக்கத்தில் குழாயின் நுனியில் ஓரிரு பொட்டு ரத்தம் தெரிவது சகஜம். கட்டி கட்டியாக வந்தாலோ, நிற்காமல் சொட்டினாலோ, முன்பு எளிதாகப் போன குழாய் ஒரே இடத்தில் நாள்தோறும் முட்டினாலோ சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவரிடம் போய்விடுங்கள்; வழி சுருங்கியிருக்கலாம். குழாய் உள்ளே போகவே மறுத்து, ஒரு மணி நேரம் ஓய்வுக்குப் பின்னும் போகவில்லை என்றால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும், மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. உங்கள் தம்பிக்கு அடிபட்டது கீழ்முதுகில் என்பதால் அடுத்தது அவருக்குப் பொருந்தாது. முதுகெலும்பில் மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்குச் சிறுநீர்ப்பை நிரம்பினாலே தலை வெடிப்பதுபோன்ற வலி, முகத்தில் வியர்வை, ரத்த அழுத்தம் தாறுமாறாக ஏறுதல் எல்லாம் வரும். அவர்களை உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணியைத் தளர்த்தி, முதல் வேலையாகச் சிறுநீரை வடிக்க வேண்டும். சில நிமிடங்களில் அடங்கவில்லையென்றால் 108-ஐ அழைக்க வேண்டும்.